கிளச் கனக்குது பாய்

பக்கீர் முகமதுவின் பட்டறை கோச்சடையில் மேலக்கால் ரோட்டோரம் இருந்தது. தகரக் கூரை, மூன்று பக்கம் தட்டி, முன்னால் எண்ணெய் குடித்துக் கறுத்துப்போன மண் தரை. வீடு ஊருக்குள்ளே காஜிமார் தெருவில். காலையில் சைக்கிளில் வந்து தட்டியைத் திறந்தால், தொழுகைக்குக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்திருப்பதோடு சரி. மற்ற நேரமெல்லாம் ஏதாவது ஒரு வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்திருப்பார். ஜாவா மோட்டார் சைக்கிளுக்கு அவரை விட்டால் மேற்கே சோழவந்தான் வரைக்கும் ஆள் கிடையாது என்று பேர். வாடிக்கைக்காரர் எதைக் கோளாறு என்று சொன்னாலும் முழுக்கக் கேட்டுக்கொள்வார். மறுத்துப் பேச மாட்டார். பிறகு தானே ஏறி ஒரு சுற்றுப் போய்வந்துதான் ஸ்பேனரைத் தொடுவார்.

எண்பத்தொன்றாம் வருசம் பங்குனி மாதம் வெள்ளைத்துரை வந்து, "கிளச் கனக்குது பாய்" என்றபோதும் அப்படித்தான் செய்தார்.

வெள்ளைத்துரை கால்நடை ஆய்வாளர். வீடு துவரிமானில். சுற்றுப்பட்டு ஊர்களில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது அவர் வேலை. காளை விந்து வைத்து ஐஸ் நிரப்பிய பிளாஸ்க்கை ஜாவாவின் பின்சீட்டில் வார் போட்டுக் கட்டிக்கொண்டு, காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ஏழெட்டு ஊர் சுற்றிவிட்டுத்தான் சோற்றுக்கு வருவார். சனங்கள் மாட்டு டாக்டர் என்றார்கள்; பாயும் டாக்டர் என்றே கூப்பிடுவார். முப்பத்தெட்டு வயது. மாடு உதைத்தால் ஒதுங்காமல் அதன் இடுப்பிலேயே சாய்ந்து நிற்கிற அளவுக்குத் தெம்பான உடம்பு.

பாய் வண்டியை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரை வரை போய்த் திரும்பினார். கிளச் லீவர் இரண்டு விரலுக்கே வந்தது. ஆனாலும் வாடிக்கைக்காரர் முன்னால் கோளாறே இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. கேபிளைக் கழற்றி, மேல்முனையில் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிக் கட்டி, அதில் எண்ணெய் ஊற்றித் தொங்கவிட்டார். அரைமணி நேரத்தில் கீழ்முனையில் எண்ணெய் சொட்டியது. மாட்டினார். லீவருக்கும் அது மாட்டியிருக்கும் கட்டைக்கும் நடுவே எட்டணாக் காசு நுழைகிற அளவு ஆட்டம் வைத்தார். அதற்குக் குறைந்தால் கிளச் நழுவும். கூடினால் முழுக்க விலகாது.

"இப்பப் புடிச்சுப் பாருங்க டாக்டர்."

வெள்ளைத்துரை பிடித்துப் பார்த்தார். "தேவலை" என்றார். அவர் முகத்தில் தேவலை என்று எதுவும் இல்லை.

பத்து நாளில் திரும்பி வந்தார். அதே புகார். பாய் டவுன்ஹால் ரோட்டுக்கு ஆள் அனுப்பிப் புதுக் கேபிள் வாங்கி, எங்கும் மடங்காமல் டாங்க்குக்கு அடியில் வளைத்துப் போட்டார். சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு மூன்றாம் முறை வந்தபோது, "கியர் விழுறப்ப கரகரங்குது, எடுக்கும்போது வண்டி குதிக்குது" என்றார். பாய்க்கு உள்ளுக்குள் எரிச்சலாகத்தான் இருந்தது. இருபத்திரண்டு வருசத்துத் தொழில். இவர் வேறு எங்காவது காட்டிவிட்டு வந்து நம்மைச் சோதிக்கிறாரோ என்றுகூட நினைத்தார். மறுபடியும் தானே ஓட்டிப் பார்த்தார். கியர் வெண்ணெயாக விழுந்தது.

"டாக்டர், நீங்க ஓட்டுங்க. நான் பின்னால உக்காந்து வாரேன்."

துவரிமான் வரைக்கும் போனார்கள். வெள்ளைத்துரையின் தோளுக்கு மேலாக எட்டி, பாய் அவருடைய இடது கையையே பார்த்துக்கொண்டு வந்தார். கிளச் பிடிக்க வேண்டிய இடம் வரும்போதெல்லாம் விரல்கள் லீவரைக் கொக்கி மாதிரி பற்றிக்கொண்டு அப்படியே நின்றன. இழுப்பது விரல் இல்லை. முழங்கை வெளியே விரிந்து, தோள் உயர்ந்து, மொத்தக் கையும் பின்னால் சாய்ந்து லீவரை இழுத்தது. அப்படியும் பாதிதான் வந்தது. பாதி வந்த கிளச்சில் கியரைத் தள்ளினால் கரகரக்கத்தானே செய்யும்.

துவரிமானில் இறங்கியதும் வெள்ளைத்துரை கையை உதறிக்கொண்டார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை மேடாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. வலது கையில் அந்தப் பள்ளம் இல்லை.

பாய் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு மனுசனிடம் உங்கள் வண்டியில் கோளாறு இல்லை, உங்களிடம்தான் என்று எப்படிச் சொல்வது? அதுவும் நாலு பேருக்கு நடுவில் டாக்டர் என்று பெயர் வாங்கியவரிடம்.

"ஸ்பிரிங் பழசாயிருக்கும் டாக்டர். வண்டிய நான் எடுத்துட்டுப் போறேன், நாளைக்கு வந்து வாங்கிக்கங்க" என்றார்.

அது பொய். கிளச்சுக்குள் இருந்த ஐந்து ஸ்பிரிங்கும் நன்றாகவே இருந்தன. பாய் அவற்றை எடுத்துவிட்டு, எப்போதோ ஒரு கறிக்கடைக்காரர் வண்டியிலிருந்து கழற்றிப்போட்ட நைந்த ஸ்பிரிங்குகளை டப்பாவில் தேடி எடுத்தார். அந்த மாதிரி சாமானை ஒரு வண்டிக்குள் மாட்டுவது அவர் ஆயுசில் அதுதான் முதல் தடவை. மாட்டி மூடியைத் திருகும்போது, யாராவது பார்க்கிறார்களா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டார். லீவர் சுண்டுவிரலுக்கு வந்தது.

மறுநாள் வெள்ளைத்துரை பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதத்தான பாய் ரெண்டு மாசமாச் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"எனக்குத்தான் புத்திக்கு எட்டல" என்றார் பாய்.

நைந்த ஸ்பிரிங்கால் கிளச் தட்டுகளை இறுக்கிப் பிடிக்க முடியாது. சமதரையில் தெரியாது. ஏற்றத்தில் எஞ்சின் கத்தும், வண்டி நகராது. பாய்க்கு இது தெரியும். டாக்டர் போகிற ஊரெல்லாம் வயல்காடு, சமதரை, ஓடிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நாகமலை அடிவாரத்து ஏற்றத்தை அவர் மறந்தே போனார், அல்லது மறக்கப் பார்த்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம், வெள்ளைத்துரை வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. வண்டி நிற்பதற்கு முன்பே கார்க் கருகிய வாடை பட்டறைக்குள் வந்துவிட்டது.

மலையோரம் ஒச்சாயி என்ற ஒரு தனிப்பெண்பிள்ளை ஒற்றைப் பசுமாட்டை வைத்துப் பிழைப்பவள். மாடு விடியற்காலையிலிருந்து கத்துகிறது என்று ஆள் சொல்லி அனுப்பியிருந்தாள். ஏற்றத்தில் பாதி வழியில் வண்டி உறுமிக்கொண்டு நின்றுவிட்டது. பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம் என்று பார்த்தால் மூன்று மைல். வெயிலில் நின்றதில் ஐஸ் தண்ணீராகிவிட்டது. மாட்டின் பருவம் ஒரு நாள்தான். தவறினால் அடுத்தது இருபத்தொரு நாள் கழித்து. கன்றும் பாலும் அவளுக்கு அந்த அளவுக்குத் தள்ளிப்போகும்.

பாய் மூடியைக் கழற்றினார். தட்டுகளில் பதித்திருந்த கார்க் கரியாகியிருந்தது. வெள்ளைத்துரை பக்கத்திலேயே குத்தவைத்தார். கழற்றிப் போட்ட ஸ்பிரிங் ஒன்றை எடுத்து வலது கையில் அழுத்திப் பார்த்தார். அது எதிர்ப்பே காட்டாமல் மடங்கியது.

"இது புதுசா பாய்?"

பாய் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "இல்ல டாக்டர். பழசு. வேணும்னுதான் போட்டேன். என்னய மன்னிச்சிருங்க. கோளாறு கிளச்சுல இல்ல."

வெள்ளைத்துரை ஸ்பிரிங்கை மற்றவற்றோடு சேர்த்து வைத்தார்.

"தெரியும்" என்றார் வெள்ளைத்துரை.

இடது கையை மடியில் வைத்து, வலது கையால் அந்தப் பள்ளத்தைத் தடவினார். "சினை ஊசி போடுறப்ப இடது கையத்தான் மாட்டுக்குள்ள விடணும் பாய். உள்ள கருப்பையத் தேடிப் புடிச்சு நிறுத்தணும். தை மாசத்துலருந்து புடி நிக்கல. தொடுறது தெரியுது, புடிக்க முடியல. கிளச்சாவும் இருக்கும், மாடும் முரடா இருக்கும்னு நெனச்சேன். காளைமாட்டுக்குத் தோள்பட்டையில சதை இப்பிடி இறங்கிப் பாத்துருக்கேன். எண்ணெயத் தேச்சுவிடு, வந்துரும்னு சொல்லிட்டு வந்துருவேன்."

"வந்துருமா?"

"சிலதுக்கு வரும்."

"வீட்டுல சொன்னீங்களா?"

"அழகம்மாளுக்குத் தெரியாது. வண்டி சரியில்லன்னு சொல்லி வச்சிருக்கேன்."

அடுத்த திங்கட்கிழமை பாய் பட்டறையைப் பூட்டிவிட்டு அவரோடு பெரியாஸ்பத்திரிக்குப் போனார். ஏழெட்டுத் தடவை அலைந்தார்கள். கையில் ஊசி குத்தி மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள். ஒரு வயசான டாக்டர், ஒரு காகிதத் துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடிக்கச் சொல்லி மெல்ல இழுத்தார். காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தது. வலது கையில் கொடுத்து இழுத்தார். நின்றது. பாய் ஓரமாக நின்று கவனித்தார். கேபிளை இழுத்துப் பார்த்து எங்கே தொங்குகிறது என்று தானும் இப்படித்தானே பார்ப்போம் என்று தோன்றியது. கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அவருக்கு ஒரு தெம்பு வந்தது. கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அந்த வயசான டாக்டர், வெள்ளைத்துரையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கூட வந்தவர் என்பதால் பாயிடம் பேசினார். சதைக்குப் போகிற நரம்பு செத்துக்கொண்டு வருகிறது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. மற்ற கைக்கும் காலுக்கும் போகும்.

"அதுக்கு என்ன செய்யணும் சார்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சத்தா சாப்பிடச் சொல்லுங்க. விழாமப் பாத்துக்கங்க."

பாய் வெளியே வந்தார். வெள்ளைத்துரை அவர் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். பஸ்ஸில் வரும்போது, "ஆடு மாடுக்காரங்ககிட்ட நானும் அப்பிடித்தான் பாய் முகத்த வச்சுக்குவேன்" என்றார்.

வீட்டில் சொல்ல வேண்டியதாயிற்று. மனைவி அழகம்மாள் மூன்று நாள் சமைக்கவில்லை என்று பாய் கேள்விப்பட்டார்.

ஆனால் வேலையை விட வெள்ளைத்துரைக்கு மனசில்லை. கால் நன்றாக இருக்கிறது, வலது கையும் நன்றாக இருக்கிறது; ஊசி போட ஒவ்வொரு ஊரிலும் பழகின ஆள் யாராவது உதவுகிறார்கள்; வண்டி மட்டும் ஓடினால் போதும் என்றார். பாய் இரண்டு நாள் யோசித்தார். ஜாவாவில் ஒரு வசதி உண்டு. கியர் லீவரைக் காலால் மிதிக்கும்போதே உள்ளே ஒரு சின்ன நெம்புகோல் கிளச்சையும் சேர்த்துத் தள்ளும். கை வைக்காமலே கியர் மாற்றலாம். அதைச் சரியாகத் திருகி வைக்காததால் முக்கால்வாசி வண்டிகளில் அது சும்மா கிடக்கும். ஓட்டுகிறவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பாய் புதுத் தட்டும் புது ஸ்பிரிங்கும் போட்டார். உள் திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு தடவையும் இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தானே ஓட்டிப் பார்த்தார். ஒரு நாள் முழுக்க ஆயிற்று. பிறகு வறண்டு கிடந்த கண்மாய்க்குள் வண்டியை இறக்கி, வெள்ளைத்துரையை ஏற்றி உட்காரவைத்தார்.

"கியர மிதிச்சு அப்பிடியே அமுக்கி வையுங்க. ஆக்சிலேட்டரக் குடுங்க. இப்பக் கால மெதுவா விடுங்க. மெதுவா. பச்சப்புள்ளயக் கீழ இறக்குற மாதிரி."

முதல் தடவை குதித்து நின்றது. ஆறாவது தடவை வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியது. வெள்ளைத்துரை கண்மாயைச் சுற்றி மூன்று சுற்று வந்தார். இடது கை ஹாண்டில்பார் மேல் சும்மா கிடந்தது. பாய் கரையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவி மெஹருன்னிசாவிடம், "அவரு கைக்குப் பதிலாக் காலு வேலை செய்யுது. இன்ஷா அல்லா, ஒரு ரெண்டு வருசம் ஓட்டிருவாரு" என்று சொன்னார். அவள் அவருடைய கறுத்த நகங்களைப் பார்த்துக்கொண்டு தட்டில் சோற்றை வைத்தாள். "துவா செய்யிறேன்" என்றாள்.

நாலு மாசம்தான் ஓடியது.

கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை அழகம்மாள் பட்டறைக்கு வந்தாள். மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்த முற்றத்தில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாய் அவளை அதற்கு முன் ஒரு தடவைதான் பார்த்திருந்தார்.

"அண்ணே, முந்தாநாள் மேலக்கால் பக்கம் விழுந்துட்டாக. ஒங்ககிட்டச் சொல்லிருக்க மாட்டாக."

"சொல்லலையே தங்கச்சி."

"இடது காலு மிதிச்ச எடத்துலருந்து எந்திரிக்கலையாம். பெறகு திடீர்னு ஒரேயடியா விட்டுருச்சு போல. வண்டி பாஞ்சு முள்ளுவேலிக்குள்ள போயிருச்சு. கெணறு ரெண்டு அடி தள்ளித்தான் இருந்துச்சுன்னு பாத்தவுக சொல்றாக. நாளைக்கு மறுபடி எடுக்கப் போறேங்கிறாக. நான் சாவிய ஒளிச்சு வச்சா, கோவத்துல ரெண்டு நாளாச் சாப்பிடல." அவள் குரல் உயரவே இல்லை. "நீங்க சொன்னா நம்புவாக. வண்டியப் பாக்கணும்னு இங்க கொண்டாரச் சொல்லுங்க. அது ஓடக் கூடாதுண்ணே. அவுக மனசு நோகாம அது ஓடாமப் போகணும். நான் சொன்னேன்னு சொல்லிறாதீக."

பாய் சரி என்றார்.

அன்று சாயங்காலமே போய் வண்டியைத் தானே ஓட்டிவந்தார். வேலியில் கீறின பெயின்டைத் துடைத்தார். பிறகு கிளச் மூடியைத் திறந்து, லீவரின் தள்ளலைத் தட்டுக்குக் கொண்டுபோகிற அந்த நீளக் கம்பியை உருவினார். ஒரு சாண் கம்பி. அதைத் துணியில் சுற்றி ஸ்பேனர் பெட்டிக்கு அடியில் வைத்தார். இனி கையால் பிடித்தாலும் காலால் மிதித்தாலும் கிளச் விலகாது. சமதரையில்கூட எடுக்க முடியாது. எட்டு மாசமாக எதைச் சரிசெய்ய முழித்தாரோ, அதைக் கெடுக்க எட்டு நிமிசம்கூட ஆகவில்லை. மூடியைத் திருகி முடித்த பிறகும் வெகுநேரம் எழுந்திருக்காமல் அங்கேயே இருந்தார்.

திங்கட்கிழமை வெள்ளைத்துரை டவுன் பஸ்ஸில் வந்தார். இடது பாதம் தரையை இழுத்துக்கொண்டு வந்தது. வலது கையும் சட்டைப் பொத்தானில் தடுமாறியது.

"என்ன பாய் கோளாறு?"

"உள்ள ஒரு சாமான் ஒடஞ்சு போச்சு டாக்டர். மெட்ராஸ்லருந்து வரணும்."

"எப்ப வரும்?"

"எழுதிப் போட்டிருக்கேன்."

வெள்ளைத்துரை வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். புதன்கிழமையும் வந்தார். வெள்ளிக்கிழமையும் வந்தார். ஒவ்வொரு தடவையும் சாமான் வந்துவிட்டதா என்பார். இன்னும் வரவில்லை என்பார் பாய். டீ வரும். வெள்ளைத்துரை கிளாஸை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே வைத்துக் குடிப்பார். பாய் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். பொய் சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்து டீ குடிப்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. உண்மையைச் சொன்னாலும் அந்தக் கை வரப்போவதில்லை. சொல்லாமல் இருந்தாலும் வரப்போவதில்லை.

மார்கழி நடுவில் ஒரு நாள் வந்தவர், வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. வண்டிக்கு அருகே போய் நின்று, வலது கையின் பின்புறத்தால் கிளச் லீவரை அமுக்கினார். இரும்பு வெறுமனே ஆடியது. சுமையில்லாத ஆட்டம். மாட்டு வைத்தியர் என்றாலும் எட்டு வருசம் அந்த வண்டியை ஓட்டியவர்.

"கம்பியக் கழட்டிட்டீங்க" என்றார்.

பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"அழகம்மா வந்தாளா?"

பாய் டாங்க்கைத் துணியால் துடைக்கத் தொடங்கினார்.

"பரவாயில்ல பாய். எனக்கு முதல் வாரமே தெரியும். மெட்ராஸுக்கு எழுதிப் போட்டேன்னு நீங்க சொன்னப்பவே தெரியும். நீங்க எழுதி நான் பாத்ததே இல்லையே." அவர் நாக்கு லேசாகக் குழறியது, சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துப் பேசினார். "நெசத்தச் சொல்லிட்டா அப்புறம் இங்க எதுக்கு வாரேன்னு இருந்துச்சு. அதான் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

பாய் வண்டியைப் பார்த்தார். அவர் சரிசெய்து பார்க்காதது எதுவும் அந்த வண்டியில் பாக்கி இல்லை.

"என் இடத்துக்குச் சோணைன்னு ஒருத்தர் தை மாசம் வர்றாரு. வண்டி தேடுறாராம். கம்பிய மாட்டி அவருக்குக் குடுத்துருங்க. கால் கிளச் திருக மட்டும் மாத்திருங்க. பழக்கமில்லாதவரு, தெரியாம மிதிச்சுருவாரு."

"சரி டாக்டர்."

"நாளையிலருந்து நான் வரமாட்டேன். பஸ் ஏற முடியல."

துவரிமான் பஸ் வருகிற சத்தம் கேட்டது. வெள்ளைத்துரை ரோட்டைத் தாண்டிப் போய் நின்றார். பஸ் நின்றது. படியில் வலது காலை வைத்தார். கம்பியைப் பிடிக்கக் கையை நீட்டினார். விரல்கள் கம்பியைச் சுற்றின, ஆனால் இறுகவில்லை. உடம்பு பின்னால் சாய்ந்தது. கண்டக்டர் உள்ளே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். பாய் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினார். பின்னாலிருந்து இரண்டு விலாவிலும் கைகொடுத்து, அவரை மொத்தமாகத் தூக்கிப் படியில் ஏற்றினார். கனமே இல்லை. அதை நினைத்துக்கூடப் பார்க்க நேரமில்லாமல் விசில் கேட்டு பஸ் நகர்ந்தது.

ஜன்னலோரம் உட்கார்ந்த வெள்ளைத்துரையின் வெள்ளைச் சட்டையில், விலாப்பக்கம், பத்து விரலும் கிரீஸாகப் பதிந்திருந்தது. அவருக்கு அது தெரியாது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு அப்புறம் சோப்புப் போட்டால் போகும் என்று அழகம்மாளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாம். பாய் ரோட்டின் நடுவில் கையைத் தூக்கினார். அதற்குள் பஸ் வளைவில் திரும்பிவிட்டது.